சேறு புகுந்த ஊர்க் காட்சியகத்தை மறுபடி திறப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

2023 மார்கழி பிறந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. டிசம்பர் 17. அன்றைக்குப் பிடித்த மழை மறுநாள் காலை வரை விடவில்லை. காயல்பட்டினத்தில் மட்டும் 95 செ.மீ. பெய்தது. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைத் தண்ணீர் ஒரு பக்கம், உடைந்த குளங்களின் தண்ணீர் இன்னொரு பக்கம். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே எது ஆறு, எது வயல், எது தெரு என்று தெரியவில்லை.

எங்கள் ஊர்க் காட்சியகம் பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் இரண்டு அறை. ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் முப்பது வருஷமாகச் சேர்த்தது: ஓலை ஏடுகள், பனையேறும் கருவிகள், மரக்கால், நாழி, பத்தமடைப் பாய், ஒரு வில்லுப்பாட்டு வில், பரம்பு மேட்டில் பையன்கள் பொறுக்கி வந்த முதுமக்கள் தாழி ஓடுகள், ஊர்க்காரர்களின் சட்டம் போட்ட படங்கள். உள்ளே இடுப்பளவுத் தண்ணீர் இரண்டு நாள் நின்றது. நாங்கள் செய்த நல்லதையும் செய்த தப்பையும் சேர்த்தே இதை எழுதுகிறேன். தப்புகள் பெரும்பாலும் அவசரத்தால் வந்தவை.

கதவைத் திறக்கும் முன்

தண்ணீர் வடிந்ததும் ஓடிப்போய்ப் பூட்டைத் திறக்கத்தான் கை துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் மின்கம்பத்திலிருந்து வரும் இணைப்பை மின்வாரிய ஆளை வைத்துத் துண்டியுங்கள். மெயின் சுவிட்சை நீங்களே இறக்க வேண்டாம், அதுவும் நனைந்துதான் இருக்கும். சுவர் உப்பியிருக்கிறதா, உத்திரம் இறங்கியிருக்கிறதா என்று ஒரு கொத்தனாரோடு வெளியே சுற்றிப் பாருங்கள். பிறகு நீளக் கம்பு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளத்தில் வந்த பாம்புக்குக் கவிழ்ந்து கிடக்கும் அலமாரியைவிட நல்ல இடம் கிடையாது. எங்களுக்கு ஒரு கண்ணாடி விரியன் கிடைத்தது. ரப்பர் பூட்ஸ், கையுறை, என்95 முகக்கவசம் மூன்றும் வேண்டும். கையில் காலில் புண் இருப்பவர்கள் சேற்றில் இறங்கக் கூடாது. எலிக்காய்ச்சலுக்கு முன்கூட்டியே மாத்திரை வேண்டுமா என்று சுகாதார முகாமில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வெள்ளம் வடிந்ததும் தெருவெல்லாம் பிளீச்சிங் பவுடர் போடுவார்கள். தெருவுக்கு அது வேண்டும், காட்சியகத்துக்குள் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வரும் குளோரின் செம்பையும் இரும்பையும் அரிக்கும், துணியின் சாயத்தைத் தின்னும். வாசலில் ஓர் ஆளை நிறுத்தித் தடுத்துவிடுங்கள். நாங்கள் நிறுத்தவில்லை. முன்னறையில் ஒரு மூட்டையை நல்லெண்ணத்தோடு கொட்டிவிட்டுப் போனார்கள்.

முதல் வேலை: படம் எடுப்பது

எதையும் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு அறையையும் நான்கு மூலையிலிருந்தும் செல்போனில் படம் எடுங்கள். பிறகு ஒவ்வொரு அலமாரி, ஒவ்வொரு தட்டு. சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைச் சாக்கட்டியால் குறித்து, தரையிலிருந்து எத்தனை அடி என்று எழுதி, அதையும் படம் எடுங்கள்.

நிவாரணத்துக்கும் காப்பீட்டுக்கும் இது உதவும் என்பது எல்லோருக்கும் தெரியும். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஒட்டிய சீட்டு கழன்றுபோன பொருளை அடையாளம் காண, அது எந்த அலமாரிக்கு அடியில் எதோடு கிடந்தது என்பது மட்டும்தான் மிச்சத் துப்பு. சேற்றை வாரும் வேகத்தில் அந்தத் துப்பும் கூடையோடு போய்விடும். அதனால் சேற்றை வாரிக் குப்பையில் கொட்டாதீர்கள். அறை வாரியாகத் தனித்தனிக் குவியலாக வெளியே போட்டு, பிறகு சல்லடையில் அலசுங்கள். எங்களுக்கு அப்படி அலசியதில் பதினோரு காசும் ஒரு எழுத்தாணியும் கிடைத்தன.

ரிஜிஸ்தர் எங்கே?

நான் முதலில் தேடியது ஏட்டையும் வில்லையும்தான். வாத்தியார் வாசலில் நின்றுகொண்டு, “எல, அதெல்லாம் கெடக்கட்டும். ரிஜிஸ்தர எடு” என்றார். அப்போது கோபம்தான் வந்தது. பிறகுதான் புரிந்தது. நாழி ஒன்று போனால் ஊரில் இன்னொரு நாழி கிடைக்கும். இந்த நாழி யார் வீட்டிலிருந்து வந்தது, எந்த வருஷம், அதில் என்ன அளந்தார்கள் என்பது அந்த நோட்டில் மட்டும்தான் இருக்கிறது. எண் போன பொருள் வெறும் சாமான்.

நனைந்த ரிஜிஸ்தரைத் திறந்து பார்க்காதீர்கள். மூடியபடியே, அடியில் ஒரு பலகை கொடுத்துத் தூக்குங்கள். பால்பாயிண்ட் பேனாவால் எழுதியது பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும், ஊற்றுப்பேனா மை கரையும். பக்கங்கள் தாமாக விடும் இடத்தில் மட்டும் பிளாட்டிங் பேப்பர் செருகி, நிழலில் மின்விசிறிக் காற்று அறையில் சுழலும்படி வையுங்கள், காற்று நேராக நோட்டின்மேல் அடிக்கக் கூடாது. தாளை இரண்டு மணிக்கு ஒருதரம் மாற்றுங்கள். பிளாட்டிங் பேப்பர் கிடைக்காவிட்டால் அச்சடிக்காத வெள்ளைச் செய்தித்தாள் போதும்; அச்சடித்ததன் மை ஒட்டிக்கொள்ளும். பக்கம் பிரியப் பிரியப் படம் எடுத்துக்கொண்டே வாருங்கள்.

அதோடு ஒரு புது நோட்டுப் போடுங்கள். வெளியே வரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மீட்பு எண், கிடந்த இடம், நிலை, எங்கே காய்கிறது. எண்ணைப் பென்சிலால் அட்டையில் எழுதி நூலால் கட்டுங்கள். பென்சில் தண்ணீரில் அழியாது. பழைய எண் கண்ணுக்குத் தெரிந்தால் அதையும் பக்கத்தில் எழுதுங்கள். எழுதும் ஆளுக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

எதை முதலில் வெளியே எடுப்பது

ஈரமான பொருளில் இரண்டு நாளில் பூசணம் பிடிக்கத் தொடங்கும், மூன்றாம் நாள் கண்ணுக்கே தெரியும். ஆகவே மதிப்பைப் பார்த்து வரிசை போடாதீர்கள், கெடும் வேகத்தைப் பார்த்துப் போடுங்கள். படங்களும் காகிதமும் முதலில். அடுத்து ஏடு, துணி, பாய், தோல். பிறகு இரும்பும் செம்பும். மரம், சுடுமண் பிறகு. கல் கடைசி, உரலும் திருகையும் எங்கேயும் போய்விடாது. எங்கள் ஊரில் நாலு பேராகச் சேர்ந்து முதலில் தூக்கியது ஒரு கல் தொட்டியை. கனமானதைத் தூக்கினால்தான் வேலை நடந்த மாதிரி இருக்கிறது.

காயவைக்க மேற்கூரை உள்ள, நாலு பக்கமும் காற்று வருகிற இடம் தேவை. கல்யாண மண்டபம் சரிப்படும். மேசை கிடைக்காவிட்டால் கயிற்றுக் கட்டில்களைப் போட்டு மேலே கொசுவலைத் துணியை விரித்துக்கொள்ளுங்கள், அடியிலும் காற்று போகும். எங்களுக்கு உதவ வந்த ஓர் ஆச்சி நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார்: “யய்யா, இப்படி வெயில் அடிக்குது, முத்தத்துல போட்டா ஒரு மணி நேரத்துல காஞ்சிரும்லா?” காய்ந்துவிடும்தான். வெளிப்பக்கம் காய்ந்து உள்பக்கம் ஈரமாக இருக்கும்போது மரம் வெடிக்கும், ஏடு சுருளும், சாயம் வெளுக்கும். வெயில் எதற்கும் வேண்டாம், கல்லையும் காலி அலமாரியையும் தவிர.

பொருள் வாரியாக

புகைப்படங்கள். ஒன்றோடொன்று ஒட்டிய பழைய ஸ்டூடியோ படங்களைக் காயவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் முக்கி வைத்தால் இரண்டு நாள் தாங்கும். அதற்குள் தண்ணீருக்குள்ளேயே மெல்லப் பிரியும். பிரிந்ததைப் படப்பக்கம் மேலாக வைத்தோ, ஓரத்தில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டோ காயவையுங்கள். படப்பக்கத்தை விரலால் தொடாதீர்கள், மேல்பூச்சு கூழாகக் கையோடு வரும். சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை இழுக்காதீர்கள். கண்ணாடி கீழே இருக்கும்படி அப்படியே காயவிட்டு, ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதைய பிரிண்டரில் எடுத்த படங்களுக்கு இந்த முக்கும் வேலை ஆகாது.

புத்தகம், பத்திரம். பத்திருபது என்றால் காற்றில் காயவைக்கலாம். நூற்றுக்கணக்கில் இருந்தால் கை போதாது, உறையவைத்துவிடுங்கள். மைனஸ் 18 டிகிரியில் பூசணம் நின்றுவிடும். நிதானமாகப் பத்துப் பத்தாக எடுத்துக் காயவைக்கலாம். அதற்கு எங்கே போவது என்கிறீர்களா? தூத்துக்குடியில் மீனும் இறாலும் வைக்கிற குளிர்கிடங்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் பட்டர் பேப்பரில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் காற்றுப்புகாமல் கட்டி, பெட்டியில் முதுகுப்பக்கம் கீழாக அடுக்கி அனுப்புங்கள். பை சரியாக இருந்தால் மீன் வாடை வராது. வழவழப்புத் தாள் புத்தகங்களுக்கு இதுதான் வழி. காற்றில் காயவிட்டால் பக்கங்கள் சேர்ந்து செங்கல்லாகிவிடும்.

ஏடுகள். நம் பக்கத்துச் சின்னக் காட்சியகங்களில் விலைமதிக்க முடியாத பொருள் பெரும்பாலும் இதுதான்: சாமி கதை, வைத்தியம், ஜாதகம், நிலக்கணக்கு. ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. ஏட்டில் எழுத்து கீறப்பட்டது. மேலே தேய்த்த கரி கரைந்துபோனாலும் கீறல் இருக்கும். எழுத்தே போய்விட்டது என்று பதறி யாரும் ஏட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கட்டை அவிழ்க்கும் முன் மேலிருந்து, பக்கவாட்டிலிருந்து படம் எடுங்கள். கயிற்றை உருவினால் வரிசை கலையும்; எல்லாக் கட்டிலும் ஏட்டெண் இருக்கும் என்று நம்பாதீர்கள். சேற்றை மென்மையான தூரிகையாலும் சுத்தமான நீராலும் நரம்பு ஓடும் திசையிலேயே நீக்குங்கள். ஒட்டிய ஏடுகளைக் கத்தி வைத்துப் பிரிக்காதீர்கள், ஈரம் இருக்கும்போதே மூங்கில் சீவலை நுழைத்துப் பாருங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டு பிளாட்டிங் தாளுக்கு நடுவே, மேலே மெல்லிய பலகை ஏற்றி, நிழலில் காயவைத்தால் சுருளாது. முழுக்கக் காய்ந்து சில வாரம் கழித்துத்தான் எலுமிச்சம்புல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு மெல்லத் தடவ வேண்டும். ஈர ஏட்டில் எண்ணெய் பூசினால் உள்ளே ஈரம் அடைபட்டுவிடும். மறுபடி மை ஏற்றுவதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். அதற்கு முன் முழுக்கட்டையும் படம் எடுத்துவிடுங்கள்.

பாய், ஓலைப்பெட்டி, துணி. பாயைச் சுருட்டவோ மடிக்கவோ கூடாது. விரித்தே தூக்கி, விரித்தே காயவையுங்கள். ஈரக் கோரை மடிந்த இடத்தில் முறியும். சாயம் ஊறும் பாய்க்கு அடியில் வெள்ளைத் துணி போடுங்கள். ஓலைப்பெட்டிக்குள் கசக்கிய காகிதத்தை அடைத்தால் உரு கெடாது.

வில். எங்கள் வில்லில் நாங்கள் செய்த தப்பு: நாணைத் தளர்த்தாமல் அப்படியே சாய்த்து வைத்துவிட்டோம். காயக் காய நாண் இறுகி, வில்லின் ஒரு முனையில் கீறல் விழுந்தது. இழுவையில் இருக்கும் எதையும், நாணோ உடுக்கைக் கயிறோ, முதலில் தளர்த்துங்கள். மரப்பொருளை ஈரத்துணியால் துடைத்து, மெல்லிய துணியைச் சுற்றி, காற்று அதிகம் இல்லாத மூலையில் வையுங்கள். வாரம் ஒருமுறை ஒரே தராசில் எடை போட்டு எழுதுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. சில பொருளுக்கு இது மாதக்கணக்கில் போகும்.

செம்பு, பித்தளை, வெண்கலம். பேட்டரிக் கடையில் விற்கிற டிஸ்டில்ட் தண்ணீரில் சேற்றை அலசி, உடனே துடைத்து உலர்த்துங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புளி, விபூதி, பாலிஷ் எதுவும் வேண்டாம். விளக்கைப் பளபளவென்று ஆக்கினால் ஊரே பாராட்டும், நூறு வருஷத்துக் களிம்போடு தேய்ந்துபோன எழுத்தும் சேர்ந்து போய்விடும். வெளிறிய பச்சையில் பொடிப்பொடியாக உதிர்ந்து, துடைத்தாலும் மறுபடி பூக்கிறது என்றால் அது வெண்கல நோய், உள்ளே குளோரைடு வேலை செய்கிறது. அந்தப் பொருளைத் தனியாக, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைத்துவிட்டு ஆய்வகத்தைக் கூப்பிடுங்கள்.

இரும்பு. வீட்டு அரிவாள், பாளை அரிவாள் என்றால் துடைத்து, ஸ்பிரிட் தொட்டு ஈரத்தை வாங்கி, மெழுகு பூசினால் போதும், உப்புத்தாள் வேண்டாம். மண்ணுக்குள்ளிருந்து வந்த பழைய இரும்பு வேறு சாதி. ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் 1899 முதல் 1905 வரை தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது ஏராளமான இரும்புக் கருவிகள் கிடைத்தன. அந்தக் காலத்து இரும்பு மண்ணுக்குள் இத்தனை நூற்றாண்டு தாங்கியிருக்கிறது, வெளியே ஈரக்காற்றில் ஒரு மழைக்காலம் போதும் அடுக்கடுக்காக உரிய. அப்படி ஏதாவது இருந்தால் கை வைக்காமல் சிலிக்கா ஜெல் டப்பாதான்.

தாழி ஓடுகள், மண்பாண்டம். தேய்க்காதீர்கள். குறைந்த சூட்டில் சுட்டது, மேல்பூச்சு கையோடு வரும். நிழலில் மெல்லக் காயும்போது வெள்ளையாக உப்புப் பூத்தால், உறுதியான ஓடுகளை மட்டும் டிஸ்டில்ட் தண்ணீரில் ஊறவைத்துத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள்.

ஆய்வகம் என்றேனே, சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்புக் கூடம் 1930-லிருந்து இயங்குகிறது. பக்கத்தில் பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, முதல் தொடர்பு அங்கே வைத்துக்கொள்ளலாம். நேரில் போங்கள், படங்களோடு.

பூசணம் வந்துவிட்டால்

வந்ததைத் தனி அறைக்கு மாற்றுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் இழுசிப் பரவும். காய்ந்து தூளானபின், வெளியே காற்றோட்டமான இடத்தில், முகக்கவசத்தோடு, மெல்லிய தூரிகையால் தட்டி நுண்வடிகட்டி உள்ள வேக்குவத்தில் உறிஞ்சுங்கள். சாதாரண வேக்குவம் வித்துகளை அறை முழுக்கத் தெளித்துவிடும். ரசகற்பூர உருண்டை பூசணத்தைக் கொல்லாது. அறையில் வாடை மட்டும் மிஞ்சும். ஆஸ்துமா இருப்பவர்களை இந்த வேலைக்கு விடாதீர்கள்.

கட்டடம்

பொறுமை இல்லாதவர்களுக்கு இதுதான் பெரிய சோதனை. பழைய காரைச் சுவர் ஓர் அங்குலம் காய ஒரு மாதம் என்பது பொதுக்கணக்கு. முக்கால் அடிச் சுவரென்றால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இருபுறமும் காற்று பட்டால் கொஞ்சம் சீக்கிரம் ஆகும். எங்களுக்கு உதவ முன்வந்த ஒருவர் பொங்கலுக்குள் டைல்ஸ் போட்டு, சிமெண்ட் பூசி, பெயிண்ட் அடித்துத் தருவதாகச் சொன்னார். மறுக்க மனமில்லாமல் ஓர் அறையை விட்டோம். சித்திரைக்குள் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக உரிந்தது, ஈரம் சிமெண்டைத் தாண்டி மேலேறி மூன்றடி உயரத்தில் உப்புப் பூத்தது. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான். அது மூச்சு விடும்.

காய்ந்ததா என்று பார்க்க எளிய வழி: ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் வியர்த்தால் இன்னும் இல்லை.

ஜன்னலை எப்போதும் திறந்து வைப்பதும் தப்பு. மார்கழி, தை மாதங்களில் பனி இறங்கும் நேரம் மூடிவிட்டு, காலை பத்து மணிக்கு மேல் திறந்து, பொழுது சாயும் முன் மூடுங்கள். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கி மாட்டுங்கள், சில நூறு ரூபாய்தான். 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பொருளை உள்ளே கொண்டுவராதீர்கள். ஆனி, ஆடிக் காற்று சுவரைக் காயவைத்துவிடும், ஆனால் அள்ளிக்கொண்டு வரும் மண்ணுக்கு ஜன்னலில் வலைத்துணி கட்ட வேண்டும். வயரிங்கை முழுக்கப் புதிதாகப் போட்டு, பிளக் பாயிண்டுகளைச் சாக்கட்டிக் கோட்டுக்கு மேலே ஏற்றிவிடுங்கள்.

காகித வேலை

சுருக்கமாகச் சொல்கிறேன். 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி பதிவான சிற்பம், படிமம், ஏடு இருந்தால் பதிவுச் சான்றையும் படத்தையும் பொருளோடு ஒப்பிட்டு, சேதத்தைப் பதிவு அலுவலருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். வெள்ளம் கரையை அரித்தபின் ஊர்க்காரர்கள் புதிதாகக் கிடைத்த சிலை, காசு என்று கொண்டுவருவார்கள். வாங்கி அலமாரியில் வைத்துவிடாதீர்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் காலத்துப் பத்து ரூபாய் அப்படியே நிற்கிறது. தாசில்தாருக்குச் சொல்லி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

திரும்ப அடுக்குவது

சாக்கட்டிக் கோட்டுக்குக் கீழே கல்லும் உரலும் மட்டும். ஏடும் படமும் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், மேல்தட்டில். ஒவ்வொரு பெட்டியும் ஓர் ஆள் தூக்கும் எடைதான் இருக்க வேண்டும், இரவில் தனியாக ஓடிவருபவர் அதைத் தூக்கியாக வேண்டும். பொருளில் எண்ணை ஒட்டுச்சீட்டில் எழுதாதீர்கள். கண்ணுக்கு உறுத்தாத மூலையில் பாராலாய்டு பி-72 என்ற பிசினை மெல்லப் பூசி, அதன்மேல் மையால் எழுதி, மேலே இன்னொரு பூச்சு. தேவைப்பட்டால் அசிட்டோனால் எடுத்துவிடலாம். ஏட்டுக்கும் துணிக்கும் மட்டும் நூலில் கட்டிய அட்டை. ரிஜிஸ்தரின் படப்பிரதி ஒன்று இணையத்தில், ஒன்று ஆற்றுக்கு அப்பால் வேறு ஊரில். புரட்டாசி முடிவதற்குள் ஒவ்வொரு வருஷமும் பெட்டிகளை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

திறப்பு

எல்லாம் முடிந்தபின் திறப்போம் என்று காத்திருந்தால் ஊருக்கு மறந்துவிடும். காய்ந்த ஓர் அறையைத் திறந்துவிடுங்கள். மே 18 சர்வதேச அருங்காட்சியக நாள், நாங்கள் அதைக் குறிவைத்தோம். மற்ற அறையில் வேலை நடப்பதைக் கயிறு கட்டி வெளியிலிருந்து பார்க்க விட்டோம், பள்ளிப் பிள்ளைகள் நின்று நின்று பார்த்தது அதைத்தான். சுவரில் சாக்கட்டிக் கோட்டை அழிக்காமல் சுண்ணாம்பு அடித்தோம்.

வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, எண் தெரியாமல் மிஞ்சிய முப்பத்தொரு பொருளை வரிசையாக வைத்து, “இது என்ன? தெரிந்தால் சொல்லுங்கள்” என்று அட்டையில் எழுதி, பக்கத்தில் ஒரு நோட்டும் பென்சிலும் வைத்தோம். ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரண்டு மரக்கட்டை அதில் ஒன்று. தறிச் சாமான் என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். பேத்தியோடு வந்த தாத்தா ஒருவர் அதைக் கையில் எடுத்து விரித்து மூடிப் பார்த்தார். “தறியா? ஏ, இது கடிப்புலா. பாளைய இதுல வச்சுதான் நசுக்கணும்” என்று பேத்தியின் விரலை நடுவில் வைத்துக் காட்டினார். யார் வீட்டுக் கடிப்பு என்பது அவருக்குத் தெரியவில்லை. நோட்டில் அதை அவர் சொன்னபடியே எழுதி, புது எண் போட்டோம். மேசையில் இன்னும் பத்தொன்பது பொருள் இருக்கிறது.